வாத்தியார் தொட்ட தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரைக்குப் போய் எண்ணெய் வண்ணத்தில் படம் வரைகிற கூட்டம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை, இரண்டு காரில் அடங்கிவிடும். ஒரு பல் டாக்டரம்மா, ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், அண்ணன் எதைச் செய்தாலும் அதையே செய்கிற அவருடைய தம்பி, இன்னும் இரண்டொரு பேர். இவர்களுக்கெல்லாம் தலைவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். அவருக்குப் பெண்டாட்டி என்கிற ஒரே தகுதியில் அவளுக்கு அங்கே 'வாத்தியாரம்மா' என்று பெயர். அவளும் வரைவாள். அதுவும் நன்றாகவே வரைவாள். டீ போட வந்த அம்மா பாட்டும் பாடுகிறாளே என்கிற மாதிரிதான் மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணெய் வண்ணத்தை வெளியில் வைத்து வரைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஸ்டாண்டை நிறுத்தினால் காற்று தள்ளும். வண்ணம் காய நாள்கணக்காகும், அதற்குள் கொசுவும் புழுதியும் வந்து ஒட்டும். வெயில் ஒரு இடத்தில் நிற்காது. காலையில் கரும்பச்சையாக இருந்த தண்ணீர் மதியத்துக்குள் தகரம் மாதிரி வெளுத்துவிடும். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்தா நீங்க வரையறது வேற ஆறு" என்பார் வாத்தியார். சரியான பேச்சுதான். அந்த மனுஷர் பேசுவதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. அவரிடம் இருந்த பெரிய தப்பும் அதுதான்.

அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வரைந்து முடிந்ததும் ஈரப் படங்களையெல்லாம் ஆற்றங்கரைப் பம்பு ரூம் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள். வாத்தியார் ஒரு பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பார். "ம்... இங்க கொஞ்சம் உயிர் வேணும்" என்பார். தண்ணீரில் ஒரு இழுப்பு. ஒரே இழுப்பு. அதுவரை நனைந்த துணி மாதிரி சப்பென்று கிடந்த ஆறு சட்டென்று ஓட ஆரம்பித்துவிடும். "அடடா!" என்பார் பேங்க் மேனேஜர். "அடடா!" என்பார் தம்பியும். அந்த ஒரு இழுப்புக்காகவே வாரம் முழுக்கக் காத்துக் கிடக்கிறவர்கள் அவர்கள். அவருக்குக் கை இருந்தது, அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஆனால் கையிருப்பவருக்கு அதை எங்கே வைப்பது என்றும் தெரிய வேண்டும் இல்லையா. கல்யாணமான நாள் முதல் அவள் வரைந்த ஒரு படத்தையும் அவர் தொடாமல் விட்டதில்லை. மகளுக்குத் தொட்டில் கட்டியிருந்த நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்து வரைந்த வாய்க்கால் முதற்கொண்டு எல்லாவற்றிலும் அவருடைய அந்த வெள்ளை இழுப்பு இருந்தது. கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், சாவு வீடு என்றால் பிணமாக இருக்க வேண்டும் என்பார்களே, அந்த ஜாதி.

ஓவியர் சங்கம் வருஷத்துக்கு ஒரு தரம் ஆறு, ஓடைப் படங்களுக்கென்றே கண்காட்சி வைக்கும். ஈரம் காயாத படம் என்றாலும் சட்டம் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். முன்னே இரண்டு தடவை அவள் படத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தடவையும் படத்தின் முன்னால் நின்றவர்கள் சொன்னது ஒரே வசனம்: "வாத்தியார் கை நல்லாத் தெரியுது." பெயர்ச் சீட்டில் அவள் பெயர், வாயில் அவர் பேர். அவள் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஒரு தரம் எல்லோர் முன்னாலும் கேட்டே பார்த்தாள்.

"என்னங்க, என் படத்த மட்டும் விட்டுடுங்களேன்."

"கேட்டுக்கங்கப்பா! கட்டின பொண்டாட்டி படத்தத் தொடக்கூடாதாம்!" என்றார் அவர்.

கரையே சிரித்தது. டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் வாத்தியார் தொட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருந்தார்.

இந்த வருஷம் அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அவர் கை படாத படம் ஒன்று, ஒன்றே ஒன்று, கண்காட்சிச் சுவரில் தொங்க வேண்டும். தேர்வாகாமல் திரும்பி வந்தாலும் பரவாயில்லை. திரும்பி வந்தால் அதுவும் அவளுடையது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்கிற வேலை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கு இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, வாத்தியாரின் டிபன் கேரியர் தெருமுனை தாண்டியதும் அவள் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். திருட்டுத்தனமாகச் சினிமாவுக்குப் போகிற பள்ளிக்கூடப் பெண் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த வயசில் இது வேறயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பஸ் டிப்போவுக்குப் பின்னால், லாரி ரிப்பேர் செய்கிற பட்டறைகளைத் தாண்டினால் ஒரு ஓடை உண்டு. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிற ஓடை. வாத்தியார் அதையெல்லாம் படத்துக்கு லாயக்கு என்று சொல்ல மாட்டார். பாலத்தின் நிழல் தண்ணீரில் கறுப்பாக விழுந்து, அதன் நடுவே கல்லில் மோதி ஒரு சுழிப்பு. அவள் அங்கேதான் ஸ்டாண்டை நிறுத்தினாள். பட்டறையில் தகரம் தட்டுகிற சத்தம் காதைப் பிளந்தது. வெயில் ஏறியபோது, கேன்வாஸில் வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்க, கையோடு கொண்டுபோயிருந்த நீலக் குடையை விரித்து ஸ்டாண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். வாத்தியாரின் வெள்ளைக் குடை அவருடைய கார் டிக்கியில் பூட்டிக் கிடந்தது.

அப்புறம் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. வேண்டிய நிறம், வண்ணம் குழைக்கிற பேலட்டில் தானாக வந்து நின்றது. யாரும் பின்னால் வந்து நிற்கப்போவதில்லை என்கிற நினைப்பே தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. பட்டறையிலிருந்து கை கழுவ வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "தண்ணி ஓடுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஓடத்தான் செய்தது. வெள்ளை இழுப்பு இல்லாமலே ஓடியது. சுழிப்பை அவள் கறுப்பால் போட்டிருந்தாள். கீழே ஓரத்தில் தன் பெயரை எழுதினாள்.

வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை வெளியே எடுத்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடை முழுக்கச் செம்பு நிறம். பாலம் துரு நிறம். வானம் பித்தளைத் தாம்பாளம். அட கடவுளே, குடை! நீலக் குடைக்கு அடியில் உட்கார்ந்தால் கேன்வாஸ் மேல் நீல வெளிச்சம் விழும். அதைச் சரிக்கட்ட, தன்னை அறியாமலே கை செம்மையும் மஞ்சளுமாக அள்ளிப் போடும். வெளியில் வரைகிறவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம். ஆனால் அவளுக்குக் குடை பிடித்தவர் எப்போதும் வாத்தியார். குடையைப் பற்றி அவள் யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அரை நாள் அழுகையாக வந்தது. சாயங்காலம் மறுபடி பார்த்தாள். என்னவோ ஒன்று மனசைப் பிடித்து இழுத்தது. பழுக்கக் காய்ச்சின மாதிரி ஒரு ஓடை. அந்தச் சூட்டுக்கு நடுவில் கறுப்பாக அந்தச் சுழிப்பு. இப்படி ஒரு தண்ணீரை வாத்தியார் ஏழு ஜென்மம் எடுத்தாலும் வரைய மாட்டார். வேறு யாரும் வரைய மாட்டார்கள். 'தப்புன்னா என் தப்பு' என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வாத்தியார் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"நீலக் குடையா?" என்றார்.

"ஆமா."

விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்! கலர்க் குடைக்கு அடியில உக்காரக்கூடாதுன்னு."

"எனக்குப் பிடிச்சிருக்கு. இதத்தான் சங்கத்துக்கு அனுப்பப் போறேன்."

"இதையா?"

"இதேதான். நீங்க இதத் தொடக்கூடாது."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். போகும்போது "திங்கக்கிழமைதான கடைசி நாளு" என்று மட்டும் கேட்டார். ஒரு வழியாகப் புரிந்துகொண்டார் என்று அவள் நம்பினாள். நம்பினாள், பாவம்.

வியாழக்கிழமை கடையில் அவள் ஒரே கலகலப்பு. ஒரு பெரியவர் எந்த லென்ஸைப் போட்டாலும் "போன கண்ணாடிதாம்மா நல்லா இருந்துச்சு" என்று அடம்பிடித்தார். வேறு நாளாக இருந்தால் சலித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்குச் சிரித்தபடி பழைய லென்ஸையே துடைத்துப் போட்டுவிட்டாள், பெரியவர் புதுசு என்று நினைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். முதலாளி கூட, "என்ன, லாட்டரி கீட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தாள். கூடத்தில், வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாசனை. படம் ஸ்டாண்டில் இருந்தது.

ஓடை சரியாக இருந்தது. செம்பு போய், பச்சையும் சாம்பலும் கலந்த, எல்லோருக்கும் தெரிந்த ஓடைத் தண்ணீர். வானம் வானமாக இருந்தது. பாலம் சிமெண்டாக இருந்தது. கறுத்த சுழிப்பின் மேல் பளிச்சென்று ஒரு வெள்ளை இழுப்பு, உயிர். கீழே ஓரத்தில் அவள் பெயரை மட்டும் அவர் தொடவில்லை. எழுத்துக்கு எழுத்து பிரஷ்ஷைச் சுற்றிக் கொண்டுபோய், ஒரு புள்ளி கூட அழியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல்ல இருந்து நேரா வந்து உக்காந்துட்டேன்" என்றார் வாத்தியார், முகமெல்லாம் மலர்ச்சியாக. "காப்பி கூடக் குடிக்கல. பாரு, இப்ப அனுப்பு. கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குவான்."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"நீ கோவத்துல சொன்ன. அதுக்காக அப்பிடியே அனுப்பி நாலு பேரு சிரிக்கட்டும்னு விட்டுடுவேனா? நான் உம்புருஷன்."

அவள் பேலட் கத்தியை எடுத்தாள். மேலே அவர் பூசியதை மட்டும் வழித்தெடுத்துவிடலாம் என்று ஒரு ஆசை. பைத்தியக்கார ஆசை. காயாத எண்ணெய் வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் ஏறிவிட்டால் இரண்டும் பிரியுமா? அவருடைய பச்சையோடு அவளுடைய செம்பும் சேர்ந்தே வந்தது. வழிக்க வழிக்கச் சேறு. சுழிப்பு போயிற்று, பாலம் போயிற்று, கடைசியில் அவள் பெயரும் போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகவாவது முடிந்திருக்கலாம், அதுவும் இல்லை.

"என்ன பண்ற நீ? ஒரு சாயங்கால வேலைடி!" என்று கத்தினார் வாத்தியார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதுதான் இன்னும் கொடுமை. மறுநாள் வெளியூரிலிருக்கும் மகள் போன் செய்தாள். அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"அம்மா, அவரு உன் நல்லதுக்குத்தானம்மா செஞ்சாரு? அப்பா சாப்பிடவே இல்லையாம்."

"நானும்தாண்டி சாப்பிடல" என்றாள் அவள். மகளுக்கு அது காதில் விழவில்லை, வேறு எதையோ பேச ஆரம்பித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகாமலிருந்திருக்கலாம். போனாள். மறுநாள் கடைசி நாள், கையில் வேறு படம் இல்லை. ஆற்றங்கரையில் அவர் வழக்கம்போல வெள்ளைக் குடையை அவளுடைய ஸ்டாண்டில் கட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போனார். அவள் எதிர்க்கரையையும் அதன் நிழலையும் வரைந்தாள். கண்டபடி ஆத்திரத்தில் வரைந்தாள், ஆனாலும் படம் தேறிவிட்டது. கை பழகின கை அல்லவா.

வேலை முடிந்தது. படங்கள் சுவரோரம் போய் உட்கார்ந்தன. முதலில் வாத்தியாரின் படம், அவர் கண்காட்சிக்கென்றே முன்னாலேயே வரைந்து, காய்ந்ததும் எல்லோருக்கும் காட்டக் கொண்டுவந்தது. மதகு தாண்டி அகலமாக விரிகிற ஆறு. பேங்க் மேனேஜர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "என்னத்தச் சொல்றது" என்று நின்றார். தம்பியும் என்னத்தைச் சொல்வது என்று நின்றார்.

வாத்தியார் பிரஷ்ஷில் வெள்ளையை எடுப்பதற்குள் அவள் அந்தப் பிரஷ்ஷையே எடுத்து வெள்ளையைத் தொட்டுவிட்டாள். நேராகப் போனாள். அவர் படத்தின் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, "ம்... இங்க கொஞ்சம் உயிர் வேணும்" என்றாள். தண்ணீரில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

பம்பு ரூம் மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஏய்!" வாத்தியாரின் குரல் உடைந்தது. "அடுத்தவங்க படத்துல கேக்காம கை வைப்பியா? ஒரு மட்டு மரியாதை வேணாம்? எவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தன் வரைஞ்சிருக்கான்!"

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள் என்று பார்த்தாள். அவர் சொன்னதை அவர் காதாவது கேட்டிருக்கும் என்று அவர் முகத்தையும் பார்த்தாள். ம்ஹூம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"என்னக்கா இது, வாத்தியார் படத்துல போயி..." என்றாள் டாக்டரம்மா, சின்னப் பிள்ளையைக் கண்டிக்கிற குரலில்.

"உடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றார் பேங்க் மேனேஜர். அவளிடம் கேட்கவில்லை, தம்பியிடம் கேட்டார்.

அவள் மட்டும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவர்கள் இன்னும் கவலையாகப் பார்த்தார்கள். வாத்தியார் துணியை எடுத்து, டர்பன்டைனில் நனைத்து, அவள் இழுத்ததை ஒரே துடைப்பில் துடைத்தார். காய்ந்த படம், அடியிலிருந்த தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. பிறகு அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

டாக்டரம்மா தன் படத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். ஒரு இழுப்பு. பேங்க் மேனேஜருக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. "அடடா" சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கடைசியில் அவள் படம். வாத்தியார் அதன் முன்னால் வந்தார். பார்த்தார். பிரஷ்ஷைத் துணியில் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, தொடாமலே காரைப் பார்த்து நடந்தார்.

எல்லோரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். "நீங்களே போயி ஒரு வார்த்த சாரின்னு சொல்லிடுங்கக்கா, மனசு இளகிடுவாரு" என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் படத்தின் எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாள் முதல் கேட்டது கிடைத்துவிட்டது. முழுக்க முழுக்க அவள் வரைந்தது, அவர் விரல்நுனி கூடப் படாதது, நாளைக்கே சங்கத்துக்குக் கொண்டுபோகலாம். சந்தோஷப்படு என்று மனசுக்குச் சொன்னாள். மனசு படத்தைப் பார்க்காமல், இதில் அவர் எங்கே தொட்டிருப்பார் என்று தேடிக்கொண்டிருந்தது. நிழல் முடிகிற இடத்திலா? இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. கீழேதான். அங்கே என்னவோ குறைந்தது. பார்க்கப் பார்க்கக் குறைந்தது. மொத்த ஆறும் அந்த ஒரு இடத்துக்காக ஓடாமல் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடித் திறந்து பார்த்தாள், அப்போதும் அப்படித்தான் இருந்தது.

அவள் எழுந்து, பெட்டியிலிருந்து அவருடைய பிரஷ்ஷை எடுத்தாள். வெள்ளையைத் தொட்டாள். நிழலுக்குக் கொஞ்சம் கீழே, அவர் மணிக்கட்டைத் திருப்புவது போலவே திருப்பி, ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த பேங்க் மேனேஜர் நின்று பார்த்தார்.

"அடடா!" என்றார். "வாத்தியார் திரும்பி வந்து தொட்டுட்டாரா? இப்பத்தாம்மா உயிர் வந்துச்சு."